மாப்ளைக்கு: வீலுக்அப்பா, இண்டெக்ஸ்-மேட்சா, எக்ஸ்லுக்அப்பா?

கம்பம்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். ஏலக்காய் பறிப்பு தொடங்கியதிலிருந்து கம்பம்மெட்டுப் பாதையில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடுகின்றன. உங்கள் கடையிலும் இனி போடி ஏலம், கேரளத்துப் புத்தடி ஏலம் என்று இரண்டு பக்கக் கணக்கும் சேர்ந்து குவியும். அதற்குள் கேட்டுவிட்டாய், நல்லது. எக்செலில் பார்ட்டி பட்டியலிலிருந்து, அதாவது கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள் பட்டியலிலிருந்து, ஒரு கோடைத் (code) தேடி விவரம் இழுக்க வீலுக்அப் போதுமா, எல்லாவற்றையும் எக்ஸ்லுக்அப்புக்கு மாற்றவா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்த ஃபைலை யார் யார் திறக்கிறார்கள் என்று பார். எக்ஸ்லுக்அப் எக்செல் 2021-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும்தான் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் கிடையாது. கூகுள் ஷீட்ஸில் 2022-இல் வந்தது, லிப்ரே ஆஃபிஸில் 24.8 பதிப்பில் வந்தது. பழைய எக்செலில் அந்த ஃபைலைத் திறந்தால் முதலில் எல்லாம் சரியாகவே தெரியும், கடைசியாகக் கணக்கிட்ட மதிப்பு அப்படியே நிற்பதால். யாராவது ஒரு செல்லை மாற்றி ஃபார்முலா மறுபடி ஓடியதும் ‘நேம்’ பிழை வரும். புத்தடி ஆபீஸில் 2016 இருந்தால், இரண்டு இடத்துக்கும் பொதுவான ஃபைலில் இண்டெக்ஸும் மேட்சும் சேர்த்தே எழுது. தேடுவது எத்தனையாவது வரியில் என்று மேட்ச் சொல்லும், அந்த வரியின் விவரத்தை இண்டெக்ஸ் எடுக்கும். உன் மேசையில் மட்டும் இருக்கும் ஃபைலுக்கு எக்ஸ்லுக்அப்பைத் தாராளமாக வைத்துக்கொள்.

வீலுக்அப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது தவறு செய்யும்போது தவறியது தெரியாது, அதுதான் எனக்குப் பிடிக்காதது. அதன் அடைப்புக்குள் நான்காவது இடத்தை நீ காலியாக விட்டால், ஏறக்குறையப் பொருந்தினால் போதும் என்று அது எடுத்துக்கொள்ளும். பட்டியலில் 1047 என்ற பார்ட்டி இல்லையென்றால் பிழை காட்டாமல் 1046-இன் விவரத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் இன்னும் மோசம். அந்த முறையில் எக்செல் பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுகிறது, வரிசை குலைந்திருந்தால் தவறான பாதிக்குள் போய்விடும். ஆகவே பார்ட்டி கோடு, லாட் நம்பர் (ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு குவியலின் எண்) எதுவானாலும் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 போடு. மேட்சிலும் இதே கதைதான், மூன்றாவது இடத்தில் 0 வேண்டும். எக்ஸ்லுக்அப்பில் மட்டும் துல்லியப் பொருத்தமே இயல்பு.

வீலுக்அப்பின் அடுத்த வம்பு காலம் (column) எண், அதாவது விவரம் எத்தனையாவது நெடுவரிசையில் இருக்கிறது என்ற எண். விலை நான்காவது காலத்தில் இருக்கிறது என்று 4 போட்டிருப்பாய். யாரோ நடுவில் ‘சாக்கு எடை’ என்று ஒரு காலத்தை நுழைப்பார்கள். விலை ஐந்துக்குப் போய்விடும், ஃபார்முலா நான்கிலேயே நிற்கும். அங்கேயும் ஓர் எண்தான் இருக்கிறது என்பதால் பார்ப்பவர் கண்ணில் படாது. இண்டெக்ஸ்-மேட்சில் விலைக் காலத்தையே நேராகக் காட்டுகிறோம், காலம் நகர்ந்தால் ஃபார்முலாவும் கூடவே நகரும். தேடும் கோடு வலப்பக்கமும் வேண்டிய விவரம் இடப்பக்கமும் இருந்தாலும் வேலை செய்யும், வீலுக்அப்பால் அது முடியாது. ஒரு கோடுக்குப் பெயர், ஊர், விலை என்று பல விவரம் வேண்டுமானால் மேட்சைத் தனிக் காலத்தில் ஒரு தடவை எழுதி, வரும் வரி எண்ணை எல்லா இண்டெக்ஸுக்கும் கொடு. பெரிய ஷீட்டில் கணக்கும் சீக்கிரம் முடியும்.

இனி நீ கேட்காத ஒன்று. உங்கள் கணக்கில் அதிகம் வரப்போவது இதுதான். எல்லையில் வியாபாரம் செய்பவனுக்கு ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் முக்கியம், கேரளம் 32, தமிழ்நாடு 33. அந்த இரண்டை லெஃப்ட் ஃபங்ஷனால் வெட்டி எடுத்து மாநிலப் பட்டியலில் தேடினால் ‘என்.ஏ.’ பிழைதான் வரும். 33 பட்டியலில் கண்ணெதிரே இருக்கும், இருந்தும் கிடைக்காது. லெஃப்ட் தருவது எழுத்து, பட்டியலில் நீ அடித்தது எண். எக்செலுக்கு இரண்டும் வேறு வேறு. லெஃப்டை வேல்யூ ஃபங்ஷனுக்குள் வைத்து எண்ணாக்கலாம்தான், ஆனால் பட்டியலை எழுத்தாக வைப்பதையே நான் சொல்வேன். காய் டெல்லிக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் போகிறது, அவற்றின் கோடு 07, 09. எண்ணாக அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். ஏலக்காய்க்கு உரிய 0908 என்ற ஹெச்எஸ்என் கோடுக்கும் (சரக்கின் வகையைக் குறிக்கும் வரி எண்) இதே கதி. கூட்டிக் கழிக்காத எண் எல்லாவற்றையும் எழுத்தாகவே வை. காலத்தை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அப்புறம் அடி. அடித்த பிறகு ஃபார்மட்டை மட்டும் மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாததற்கு இன்னொரு காரணம் வெற்றிடம். பெயருக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியை ட்ரிம் எடுத்துவிடும். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்த பட்டியலில் வேறு வகை வெற்றிடம் வரும், அதன் எண் 160, ட்ரிம்முக்கு அது அடங்காது. சப்ஸ்டிட்யூட்டில் கேர் (CHAR) 160-ஐக் கொடுத்து நீக்கவேண்டும். இரண்டு செல்லுக்கும் லென் போட்டுப் பார், எழுத்து எண்ணிக்கை வேறுபட்டால் விடை கிடைத்துவிடும்.

ஏறக்குறையப் பொருந்தும் தேடல் கெட்டதல்ல, அதற்கென்று இடம் இருக்கிறது. தரம் பிரிப்பதைப் பார். அரசின் தரமுத்திரையான அக்மார்க்கில், ஆலப்பி கிரீன் ஏலக்காயில் எக்ஸ்ட்ரா போல்டுக்குக் குறைந்தது 7 மி.மீ., போல்டுக்கு 6, சுப்பீரியருக்கு 5. இடப்பக்கம் 0, 5, 6, 7 என்று ஏறுவரிசையில் எழுதி, 0-க்கு எதிரே ‘இந்த மூன்றிலும் சேராது’ என்று போடு. 7.5 வந்தால் 7-இன் வரியையும் 5.8 வந்தால் 5-இன் வரியையும் அதுவே எடுக்கும். அந்த 0 இல்லாவிட்டால் 4.6 வரும்போது பிழை வரும். எந்தத் தேதியிலிருந்து எந்த விலை என்ற பட்டியலுக்கும் இதே முறைதான். எக்ஸ்லுக்அப்பில் பொருத்த வகைக்கு மைனஸ் 1 கொடுத்தால் பட்டியல் வரிசையாக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஒரு பார்ட்டி கடைசியாகக் கொடுத்த விலை வேண்டும், பட்டியலோ நாள் வரிசையில் இருக்கிறது என்றால், தேடும் திசைக்கு மைனஸ் 1 கொடு. கீழிருந்து மேலே தேடும். எக்ஸ்லுக்அப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கிடைக்காதபோது 0 காட்டும்படி மட்டும் வைக்காதே. விலை 0 என்றால் மொத்தத்தில் அது கரைந்துபோகும். ‘பட்டியலில் இல்லை’ என்று எழுத்தாகவே வரட்டும். பிழைக்குப் பதில் நாம் சொன்னதைக் காட்ட இஃப்எரர் போட்டால், அது எல்லாப் பிழையையும் மூடிவிடும். இஃப்என்ஏ போட்டால் கிடைக்காத பிழையை மட்டும் பிடிக்கும், ஃபார்முலாவே உடைந்திருந்தால் அது வெளியே தெரியும்.

லாட் நம்பர் ஒவ்வொரு ஏலத்திலும் திரும்ப வரும், அதை மட்டும் வைத்துத் தேடினால் முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். ஏல மையம், தேதி, லாட் மூன்றையும் சேர்த்து ஒரு துணைக் காலம் போடு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ‘-’ என்ற குறி கட்டாயம் வை. இல்லையென்றால் 1-உம் 12-உம் சேர்ந்தாலும் 112, 11-உம் 2-உம் சேர்ந்தாலும் 112. ஒரு பார்ட்டியின் மொத்த எடை வேண்டுமென்றால் லுக்அப்பே வேண்டாம், நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் போடு.

ஃபார்முலாவைக் கீழே இழுக்கும் முன் எஃப்4 அழுத்திப் பட்டியலைப் பூட்டு. பூட்டாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் அது ஒரு படி இறங்கி, மேலே உள்ள பார்ட்டிகள் வெளியே போய்விடுவார்கள். பட்டியலை டேபிளாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது, புதுப் பார்ட்டி சேர்த்தால் தானே நீளும்.

புத்தடி கம்ப்யூட்டரில் என்ன பதிப்பு என்று ஃபைல் மெனுவில் அக்கவுன்ட் பக்கத்தைப் பார்த்து எழுது. பார்ட்டி பட்டியலையும் அனுப்பு. அதற்கு முன் கோடு பக்கத்தில், அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்இஃப் போட்டு 1-க்கு மேல் வருவதை மஞ்சள் அடித்து வை. எந்த வரி சரி என்று முடிவெடுக்க அந்தப் பார்ட்டிகளை அறிந்தவன் நீதான்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி