பழைய கேம் டிவி என்று விற்றீர்கள், உள்ளே பிக்சர் டியூப்பே இல்லை

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: 21 இன்ச் பழைய கேம் டிவி என்ற பெயரில் வேறு பொருளை அனுப்பியது, பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

"கேம் விளையாடுவதற்கென்றே தயாரான பழைய கலர் டிவி, ஒரிஜினல் பிக்சர் டியூப், துப்பாக்கி கேமும் ஓடும்" என்று உங்கள் விளம்பரத்தில் போட்டிருந்ததை நம்பி 14,500 ரூபாய் கட்டி ஒரு டிவி வாங்கினேன். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் திருப்பூர், பெங்களூர் என்று பிழைக்கப் போன பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேருவார்கள். தொண்ணூறுகளில் நாங்கள் அடித்துக்கொண்டு விளையாடிய கேசட் வீடியோ கேமும் அதன் துப்பாக்கியும் இன்றைக்கும் வீட்டில் நல்லபடியாக ஓடுகின்றன. அதற்கேற்ற டிவி ஒன்று வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

பார்சல் வந்தபோதே மனசுக்குள் இடித்தது. 21 இன்ச் டியூப் டிவி என்றால் 20 கிலோவை ஒட்டி வரும், நகர்த்த இரண்டு பேர் வேண்டும். டெலிவரி தம்பி அதை ஒற்றைக் கையில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். சுவிட்சைப் போட்டால் டியூப் டிவிக்கே உரிய அந்த 'டொங்' சத்தம் இல்லை. திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்க்கவில்லை. பெட்டி என்னவோ பழைய பெட்டிதான், திரையும் முன்னால் புடைத்துத்தான் இருந்தது. சரி, ஓடினால் போதும் என்று, துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட் கேசட்டைப் போட்டோம்.

ஒரு வாத்துகூட விழவில்லை. மச்சான் மகன் துப்பாக்கி முனையைத் திரையில் ஒட்டிவைத்தே சுட்டுப் பார்த்தான். வாத்து அதுபாட்டுக்குப் பறந்து போனது, புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரித்தது. வேறு கேசட்டை மாற்றினால், பொத்தானை அமுக்கி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான், அதற்குள் குழியில் விழுந்துவிடுகிறான். அடிபட்டதும் மின்னி மின்னித் தெரிய வேண்டிய உருவம் சில நேரம் அடியோடு காணாமல் போகிறது.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். வயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அப்புறம் பின்பக்கத்தைத் திறந்து போர்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். டியூப் டிவியை நாமாகத் திறப்பது ஆபத்து. கலர் டியூப்பில் 25 ஆயிரம் வோல்ட் வரை ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். அதனால் பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல், ஸ்க்ரூடிரைவரில் ஒயரைச் சுற்றி, டியூப்பின் ரப்பர் மூடிக்கு அடியில் விட்டு மின்சாரத்தை இறக்கத் தயாராக வைத்துக்கொண்டு, பின் மூடியை மெதுவாக எடுத்தார். எட்டிப் பார்த்தவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, இதுக்குள்ள டியூப்பே இல்லீங்களே!"

உள்ளே இருந்தது பழைய கம்ப்யூட்டர் மானிட்டரிலிருந்து கழற்றிய ஒரு எல்சிடி பேனல். அதைச் சுற்றிக் கறுப்பு அட்டை வெட்டி ஒட்டியிருந்தது. முன்னால் வளைந்த அக்ரிலிக் தகடு, பின்னால் மெக்கானிக் கடைகளில் எல்லா பேனலுக்கும் போடுகிற யுனிவர்சல் போர்டு. மற்றபடி அந்தப் பெரிய பெட்டி முழுக்கக் காற்றுதான்.

போட்டோக்களை அனுப்பியதும் உங்களிடமிருந்து பதில் வந்தது: "இது அப்கிரேடு மாடல், படம் தெளிவு, கரண்ட் மிச்சம்." கரண்டை மிச்சம் பிடிக்க ஆசை இருந்தால் ஈரோட்டில் ஏதாவது ஒரு கடையில் புது எல்இடி டிவி வாங்கியிருப்பேனே! இந்தக் கேம்களுக்கு டியூப் ஏன் வேண்டும் என்பது விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் எழுதுகிறேன். விசையை அழுத்தியதும் கேம் ஒரு நொடிப்பொழுது திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். குண்டு பல்பு, வெயில் வெளிச்சத்தில் ஏமாறக் கூடாது என்று, நொடிக்குச் சுமார் 15 ஆயிரம் முறை துடிக்கும் வெளிச்சத்தை மட்டுமே ஏற்கும்படி அதன் சர்க்யூட்டை அமைத்திருப்பார்கள். டியூப் டிவியில் படம் கோடு கோடாக வரையப்படும் வேகம் அது. எல்சிடியில் அந்தத் துடிப்பே கிடையாது. போதாக்குறைக்கு உங்கள் யுனிவர்சல் போர்டு ஒவ்வொரு படத்தையும் வாங்கி வைத்து, பேனல் அளவுக்கு மாற்றிப் பிறகுதான் காட்டுகிறது. ஆள் தாமதமாகக் குதிப்பது அதனால்தான்.

இது வெறும் பேச்சா என்று பார்க்க, அத்தை வீட்டு அட்டாலியில் கிடந்த 14 இன்ச் டிவியை இறக்கினோம். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவிதான். தூசி தட்டி, அதே கேம், அதே வயர், அதே துப்பாக்கி. முதல் வாத்து முதல் குண்டிலேயே விழுந்தது. இலவசமாக வந்தது ஓடுகிறது, 14,500 ரூபாய்க்கு வாங்கியது ஓடவில்லை.

விளம்பரத்தில் ஜப்பானின் ஷார்ப் நிறுவனத்தை வேறு இழுத்திருக்கிறீர்கள். 1983-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேமை உள்ளேயே வைத்து அவர்கள் விட்ட சி1 டிவியும், 1990-இல் அதற்கு அடுத்த மாடலான சூப்பர் ஃபேமிகாமோடு வந்த எஸ்எஃப்1 டிவியும் உண்மையிலேயே கேமுக்கென்று செய்தவை. இரண்டும் டியூப் டிவிகள். அந்த வரிசையில் வந்தது என்று சொல்லி டியூப் இல்லாத காலிப் பெட்டியை விற்பது எந்த ஊர் நியாயமுங்க?

இப்போது "சீல் பிரித்ததால் வாரண்டி கிடையாது" என்கிறீர்கள். திறக்கச் சொன்னது உங்கள் ஆள், அந்த வாட்ஸாப் செய்தி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் கேட்பது வாரண்டியும் அல்ல. ரிப்பேர் ஆன பொருளுக்குத்தானே வாரண்டி? இங்கே சொன்ன பொருளே வரவில்லை.

ஆகவே 14,500 ரூபாயையும், பார்சலுக்கென்று தனியாக வாங்கிய தொகையையும் முழுதாக என் வங்கிக் கணக்கில் போடவும். டிவியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளவும். மாற்று டிவி வேண்டாம், இன்னொரு பெட்டியைத் திறந்து பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. விளம்பரத்திலிருந்து "ஒரிஜினல் பிக்சர் டியூப்", "துப்பாக்கி கேமும் ஓடும்" என்ற வரிகளையும் எடுத்துவிடுங்கள், இன்னொருத்தர் ஏமாற வேண்டாம்.

2020-இன் மின்வணிக விதிகள்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டியது உங்கள் கடமை. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை.

பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உட்புறப் படங்கள், வாட்ஸாப் செய்திகள், இரண்டு டிவியிலும் விளையாடிய வீடியோ எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். டிவியை நீங்கள் அனுப்பிய அதே அட்டைப் பெட்டியில் கட்டி வைத்தாயிற்று. எடுக்க ஆள் அனுப்பும் முன் போன் செய்யச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் என்றால் வீட்டில் ஆள் இருக்கும். ஒருத்தர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்