ஜாக்கியை மட்டும் நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டி பக்கம் காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு வீட்டு வாசலிலேயே டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றிப் போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அடியில் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வண்டி எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுதான் வேண்டும்.

லோடை இறக்கிவிட்டுச் சமதளத்தில் நிறுத்துங்கள். செம்மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் உதவாது. அது பிடிப்பதே பின் சக்கரங்களைத்தான். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும்.

பின்சக்கரம் தள்ளும் வண்டியில், பின் டயர்கள் அதே பக்கம் முன்னே வரும். முன் டயர்கள் இடம் வலம் மாறிப் பின்னே போகும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றக் கூடாது. சுமார் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும்.

பலர் கோட்டைவிடுவது பூட்டும்போது. ஹப்பில், அதாவது சக்கரம் பொருந்தும் முகப்பில், படிந்த துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால் சக்கரம் ஒட்டி உட்காராது. ஓட ஓட நட்டு தளரும். போல்ட்டில் கிரீஸ் வேண்டாம். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிரே உள்ளவற்றை மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஏறி மிதித்தால் போல்ட் இழுபட்டு மரை போய்விடும். 80 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

முன்னுக்கும் பின்னுக்கும் காற்று அளவு வேறு. இடம் மாறிய டயருக்கு அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

– சரக்கு வண்டி மெக்கானிக்குகள், மேலூர்