டெக்ஸஸ் வருகிறது, நீயும் வருகிறாய்

கொலம்பஸ், ஓஹியோ
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெரியவளை ஹாஸ்டலில் சேர்க்கும் வேலையில் பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. ஆமாம்டி, நீயும் நானும் 2001-இல் வந்து இறங்கிய அதே ஓஹியோ ஸ்டேட் காம்பஸ். லேன் அவென்யூ பக்கம் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை இறக்கும்போது ஸ்டேடியம் கண்ணில் பட்டது. கையில் தலையணையோடு அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, வழியில நிக்காதே"ன்னு அவள் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த வருஷக் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் எப்படிப் போகும், மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுது என்றாய். ஆகஸ்ட் 30 சனிக்கிழமை எங்களோடு ஆட இங்கே வருகிற உன் டெக்ஸஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சீசன் தொடங்கும் முன்பே ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் டெக்ஸஸ் முதலிடம். அந்த அணிக்கு இது வரலாற்றிலேயே முதல் தடவை. அடுத்து பென் ஸ்டேட், மூன்றாவது நாங்கள், ஓஹியோ ஸ்டேட். உங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆர்ச் மேனிங்கைப் பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டனும் ஈலையும், எல்லாருமே பேர்பெற்ற குவாட்டர்பேக்குகள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பையன் நல்ல ஆட்டக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன வருஷம் வரை அவன் ஆட்டத்தைத் தொடங்கிவைத்து ஆடியது இரண்டே தடவை. ஒன்று லூயிசியானா மன்ரோ, இன்னொன்று மிசிசிப்பி ஸ்டேட். அதைவிட முக்கியம், அவனுக்கு முன்னால் நின்று காக்கும் ஐந்து பேரில் நாலு பேர் போன சீசனோடு விடைபெற்றுவிட்டார்கள். கெல்வின் பேங்க்ஸ் மாதிரி ஒருவனுக்கு மாற்று ஒரே கோடையில் தயாராகிவிடாது.

எத்தனையோ வருஷம் பந்து போகும் பக்கமே பார்த்துப் பழகிய கண் எனக்கும். இப்போது ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து பின்னால் குவாட்டர்பேக் கைக்குப் போனதும், முதல் இரண்டு நொடி பந்தைத் தேடுவதே இல்லை. நடுவில் மோதிக்கொள்ளும் அந்த வரிசையைத்தான் பார்க்கிறேன். நம் ஆட்களின் குதிகால் பின்னால் வருகிறதா, முன்னால் போகிறதா? பின்னால் வந்தால் குவாட்டர்பேக் எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் அவசரத்தில் எறிவான். முன்னால் போனால் சாதாரணப் பையன்கூட நிதானமாக ஆள் தேடி எறிவான். அதனால் கணிக்கும்போது யார் புதிதாக வந்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை. யார் போகாமல் தங்கினார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் எங்கள் நிலைமையும் சுகமில்லை. கோப்பை வாங்கிய அணியிலிருந்து 14 பேரைத் தொழில்முறை லீகான என்எஃப்எல் எடுத்துக்கொண்டது. தற்காப்பின் முன்வரிசையில் நாலு பேருமே போய்விட்டார்கள், சாயரும் டுயிமொலோவாவும் உட்பட. பந்தோடு ஓடிய ஹெண்டர்சன், ஜட்கின்ஸ், பந்து பிடித்த எக்புகா யாரும் இல்லை. தற்காப்பை வகுத்துக்கொடுத்த ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கே போய்விட்டார். அவர் இடத்தில் மேட் பட்ரீஷியா. குவாட்டர்பேக் ஜூலியன் சேயின் என்று திங்கட்கிழமைதான் அறிவித்தார்கள். அவன் கல்லூரியில் ஒரு ஆட்டம்கூடத் தொடங்கியதில்லை.

ஆனால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஜெரமையா ஸ்மித் முதல் வருஷத்திலேயே 76 பந்து பிடித்து 1,315 யார்டு முன்னேறி, 15 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி) எடுத்தவன். நோட்ர டேமுக்கு எதிரான ஃபைனலில் ஆட்டம் கையை விட்டுப் போகப் பார்த்த நேரத்தில், மூன்றாவது டவுனில் (நாலு முயற்சியில் மூன்றாவது) 11 யார்டு தேவைப்பட்டபோது அவன் பிடித்த 56 யார்டு பந்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தற்காப்பில் பின்னால் காலேப் டவுன்ஸ். எதிராளி என்ன செய்யப்போகிறான் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. இரண்டு பக்கமும் புதுக் கைகள், அதனால் பெரிய ஸ்கோர் வராது. என் கணிப்பு 20-17, ஓஹியோ ஸ்டேட்.

ஆட்டத்தன்று காலை இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிவியில் 'காலேஜ் கேம்டே'யில் வரும் லீ கோர்சோவுக்குக் கடைசி நிகழ்ச்சி, அதுவும் நம் ஊரில். 90 வயது ஆகிவிட்டது. யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல அந்த அணியின் பொம்மைத் தலையை எடுத்து மாட்டிக்கொள்வாரே, அதை முதன்முதலில் செய்தது 1996 அக்டோபரில், இதே கொலம்பஸில், நம் அணியின் பொம்மை புரூட்டஸின் தலையோடுதான். 2009-இல் பக்கவாதம் வந்து பேச்சே தடுமாறியது. அப்படியும் விடாமல் வந்து உட்கார்ந்தார். மறுபடி அந்தத் தலையையே மாட்டினால் நான் அழுதுவிடுவேன்.

இனி நம் பரம எதிரி மிஷிகன். உன்னிடம் இதை முழுசாகச் சொன்னதில்லை. போன நவம்பர் 30, நானும் அவரும் ஸ்டேடியத்தில் இருந்தோம். மூன்று டச்டவுன் வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று ஊரே சொன்ன ஆட்டம். நடுவரிசையில் முட்டி முட்டிப் பார்த்தார்கள், ஒரு அடி நகரவில்லை. கடைசி நிமிடத்தில் மிஷிகன் உதைத்த ஃபீல்டு கோல் (மூன்று புள்ளி), 13-10, தோல்வி. தொடர்ந்து நாலாவது வருஷம். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பேசவே இல்லை. கீழே மிஷிகன் ஆட்கள் கொடி நட்டதில் கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது எல்லாம் நடந்தபோதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு பிளேஆஃப் நாக்அவுட் ஆட்டங்களில் டென்னசி, ஆரகன், டெக்ஸஸ் (உனக்கு வலிக்கும், தெரியும்), நோட்ர டேம் என்று நாலு பேரையும் வரிசையாக வென்று ஜனவரி 20-இல் கோப்பை வந்தது. தெருவே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் அந்த 13-10 இன்னும் உள்ளே அப்படியே கிடக்கிறது.

2002 நினைவிருக்கிறதா? மிஷிகன் கடைசிப் பந்தை கோல் லைனுக்கு எறிந்தது, வில் ஆலன் குறுக்கே பாய்ந்து பிடித்தான். 14-9. கூட்டத்தோடு கூட்டமாக நாமும் புல்தரையில் இறங்கினோம், உன் ஒரு கையுறை தொலைந்தது. மறுகரையில் தலைகுனிந்து நின்ற மிஷிகன் கோச் லாய்ட் காரின் பேரன் சி. ஜே. கார்தான் இந்த வருஷம் நோட்ர டேமின் குவாட்டர்பேக். இந்த வாரம்தான் சொன்னார்கள். படித்ததும் உன் நினைவுதான் வந்தது. காலம் எப்படி ஓடியிருக்கிறது பார்.

மிஷிகனுக்கு இந்த முறை குவாட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட், அந்த மாநிலத்துப் பையன், முதல் வருஷ மாணவன். செப்டம்பரில் தடுமாறுவான், நவம்பருக்குள் தேறிவிடுவான். ஆட்டம் நவம்பர் 29-ஆம் தேதி, அவர்கள் ஊரான ஆன் ஆர்பரில். அப்படியும் இந்த வருஷம் நாம் ஜெயிப்போம் என்றே எழுதிவைக்கிறேன். சேயினுக்கு அதற்குள் பதினோரு ஆட்டம் ஆகியிருக்கும், அந்த முன்வரிசையும் பக்குவப்பட்டிருக்கும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. நான் சொல்லும் "தங்கியவர்கள்" கணக்குக்கு முழுசாகப் பொருந்துவது பென் ஸ்டேட். குவாட்டர்பேக் ட்ரூ ஆலர் என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பந்தோடு ஓடும் சிங்கிள்டனும் கேட்ரன் ஆலனும் போகவில்லை. கூடவே நம் நோல்ஸ். பெரிய ஆட்டத்தில் சறுக்குவார் என்று அவர்கள் கோச் ஃபிராங்க்ளினுக்கு ஒரு பெயர் உண்டு, அது பொய்யில்லை. செப்டம்பர் 27-இல் ஆரகன் அங்கே போகிறது, அன்று தெரிந்துவிடும். நவம்பர் 1-இல் இங்கே வந்து நம்மிடம் தோற்பார்கள், ஆனாலும் பிக் டென் (நாமும் அவர்களும் ஆடும் லீக்) பட்டம் அவர்களுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இண்டியானாவை 20-ஆம் இடத்தில் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் 11 ஆட்டம் ஜெயித்ததை ஏதோ அதிர்ஷ்டம் என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கோச் சிக்னெட்டி போன இடமெல்லாம் ஜெயித்தவர். கலிஃபோர்னியாவிலிருந்து குவாட்டர்பேக் மெண்டோசா வந்திருக்கிறான். மறுபடி பத்து வெற்றி வரும், பார். போன வருஷம் பிக் 12 லீகில் பதினாறாவதாக, கடைசியில் வரும் என்று கணித்த அரிசோனா ஸ்டேட்தான் அந்தக் கோப்பையைத் தூக்கியது. உன் டெக்ஸஸையே இரண்டு ஓவர்டைம் வரை இழுத்தது.

டெக்ஸஸ் நவம்பர் 15-இல் ஜார்ஜியாவில் தோற்கும், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை ஆஸ்டினில் வெல்லும், பன்னிரண்டு அணி பிளேஆஃபுக்குள் நிச்சயம் வரும். அலபாமா மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபைனல் ஜனவரி 19, மயாமியில். பென் ஸ்டேட்டும் டெக்ஸஸும். அதற்குள் உங்கள் முன்வரிசை தேறியிருக்கும், ஆர்ச்சும் ஆளாகியிருப்பான். ஆனாலும் பென் ஸ்டேட்.

கல்லூரிகள் ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், ஒரு கல்லூரி வருஷத்துக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை. நீ அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கு அந்த வருத்தம் இல்லை. லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வருவது அந்தப் பிள்ளைகளைப் பார்க்கத்தான், முட்டி தேய்வதும் அவர்களுக்குத்தான். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு பெயரை மனசில் பதித்து முடிப்பதற்குள் அவன் வேறு சட்டையில் நிற்கிறான்.

அப்புறம், வெள்ளிக்கிழமை இரவு உன் ஃப்ளைட் எத்தனை மணிக்கு என்று எழுது, நானே ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். மறுநாள் ஆட்டம் மதியம் 12 மணிக்கே, அதனால் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். புளியோதரை கட்டி எடுத்துவருகிறேன், அந்தக் காலம் மாதிரி வெளியே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவோம். பேண்டு "ஓஹியோ" என்று ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக நடந்து, கடைசியில் சூசஃபோன் என்கிற பெரிய ஊதுகுழல் வாசிப்பவர் வந்து அந்த ஆங்கில 'ஐ'க்குப் புள்ளியாக நின்று இடுப்பு வளைத்து வணங்குவதை நீ பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! பெரியவளுக்கு ஸ்டூடண்ட் செக்‌ஷனில் இடம். நம் சீட்டிலிருந்து பார்த்தால் தெரிவாள்.

உன் டெக்ஸஸ் ஆரஞ்சுச் சட்டையே போட்டுக்கொண்டு வா. பரவாயில்லை.

அன்புடன்,
உன் மீனா