காய்ச்சல்னு வந்தா, எந்த நாட்டுல இருந்து வந்தீங்கன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலக் காய்ச்சல் பத்தி போன வாரம் நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய முழுசாப் படிச்சேன். டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் நல்ல விவரமா இருந்துச்சு. ஆனா வெளிநாட்டுல வேலை பாத்துட்டு வர்றவங்க உடம்போட கொண்டு வர்ற மலேரியா பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்க வீட்டுலயே நடந்ததால இத எழுதாம இருக்க முடியல.

நாங்க தாராவியில மூணு தலைமுறையா இருக்கோம், அப்பா அம்மாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் தம்பி நைஜீரியாவுல, லாகோஸ்ல எலக்ட்ரீசியனா இருக்கான். போன வருஷம் ஜூன் மாசம் லீவுக்கு வந்தான். ஏர்போர்ட்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டை வாங்கிப் பாத்துட்டுதான் வெளிய விட்டாங்க. அது நல்ல விஷயம்தான், அந்த நோய் நம்ம நாட்டுல இல்ல, ஆனா அதப் பரப்புற ஏடிஸ் கொசு இங்க வீட்டுக்கு வீடு இருக்கு, அதனாலதான் கார்டு இல்லாம வந்தா 6 நாள் வரைக்கும் தனியா வைக்கிறாங்க. ஆனா மலேரியாவுக்கு வெளிநாடு போற பெரியவங்க போட்டுக்க அப்படி ஊசியும் கிடையாது கார்டும் கிடையாது, ஏர்போர்ட்ல இறங்குறப்போ ஆளு நல்லா கல்லு மாதிரிதான் இருப்பான்.

வந்து பன்னெண்டாம் நாள் சாயங்காலம் குளிருதுக்கான்னு வந்து படுத்தான். வீட்டுல இருந்த மூணு போர்வையையும் போட்டும் நடுக்கம் நிக்கல, அம்மா சுக்குத்தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க, டம்ளர் பல்லுல தட்டித் தட்டி சத்தம் கேக்குது, பாதி சட்டையிலதான் போச்சு. ராத்திரி வேர்த்துக் கொட்டி பாயே நனைஞ்சு போச்சு, காலைல எந்திரிச்சு இட்லி சாப்பிட்டான், சரி மழைல நனைஞ்ச காய்ச்சல்தான்னு நாங்களும் விட்டுட்டோம். மறுநாள் திரும்ப வந்துச்சு.

பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டுனோம். ரத்தம் எடுத்தாங்க, பிளேட்லெட் இறங்கியிருக்கு, அப்போ டெங்குதான்னு சொல்லிட்டாங்க. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தும் அதையேதான் சொன்னாங்க. மலேரியாவுலயும் பிளேட்லெட் இறங்கும்னு எங்களுக்குத் தெரியாது. நாலு நாள் பப்பாளி இலைச்சாறு அரைச்சு அரைச்சுக் குடுத்தோம் சார், அந்த நாலு நாள நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது. அஞ்சாம் நாள் ஒண்ணுக்குக் கறுப்பா போக ஆரம்பிச்சுது, என்னையப் பாத்து யாருன்னு கேக்குறான். ஆட்டோ பிடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். அங்க ராத்திரி டூட்டியில இருந்த பொண்ணு, சின்ன வயசு டாக்டர், கண்ணத் தொறந்து பாத்துட்டு முதல்ல ஹிந்தியில கேட்டதே, இவரு வெளியூரு எங்கயாவது போயிட்டு வந்தாரான்னுதான். நைஜீரியான்னேன். உடனே நர்ஸக் கூப்பிட்டு மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க, ஒரு மணி நேரத்துல ஃபால்சிபேரம்னு, மலேரியாவுலயே ஆபத்தான வகைன்னு வந்துருச்சு. மலேரியாவுக்கான ஆர்டெசுனேட் ஊசி போட்டு, ஐசியூல ஆறு நாள் கெடந்து பொழைச்சான். அந்த ஒரு கேள்வி அஞ்சு நாள் முன்னாடியே யாராவது கேட்டிருந்தா, இல்ல நாங்களாவது வாயத் தொறந்து சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது.

மும்பையில மலேரியா புதுசா என்னன்னு சில பேர் கேப்பாங்க. இங்க நாம ரொம்பப் பாத்தது வைவாக்ஸ்ங்குற மலேரியா வகை, அது ஆள வாட்டி எடுக்கும், ஆனா உயிர எடுக்குறது கம்மி. ஆப்பிரிக்காவுல இருந்து வர்றது பெரும்பாலும் ஃபால்சிபேரம், அது ரெண்டு மூணு நாள்லயே மூளை, கிட்னின்னு ஏறிடும். உலகத்துல மலேரியா வர்றவங்கள்ல நாலுல ஒரு பங்குக்குக் கிட்ட நைஜீரியாவுலதான். அங்க பொறந்து வளந்தவங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து திரும்பத் திரும்ப வந்து உடம்பு ஓரளவு பழகியிருக்கும், அதனால சைட்ல எல்லாரும் அத ஜலதோஷம் மாதிரிப் பேசுவாங்களாம், தம்பியும் அதக் கேட்டுக் கேட்டு அப்படியே நினைச்சுட்டான். நம்ம ஆளுக்கு அந்தத் தெம்பு ஏது?

இன்னொண்ணு, கம்பெனியில தடுப்பு மாத்திரையா டாக்சிசைக்ளின் குடுத்திருக்காங்க. இவன் ஃபிளைட் ஏறுன அன்னைக்கே அத நிறுத்திட்டான், அதான் வீட்டுக்கு வந்தாச்சேன்னு. அந்த மாத்திரைய ஊருக்கு வந்தப்புறமும் 4 வாரம் விடாமப் போடணும். கிருமி முதல்ல ஈரல்ல போயி ஒளிஞ்சுகிட்டு அப்புறமாத்தான் ரத்தத்துக்கு வரும், மாத்திரை வேலை செய்றது ரத்தத்துல வர்றப்போதான். இத டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த டாக்டர் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டோம், அவன அனுப்பி வச்ச ஏஜென்ட் இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

இது எங்க வீட்டோட முடியுற விஷயமும் இல்ல. மும்பையில மலேரியாவப் பரப்புற அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையில வளர்றதில்ல, கிணத்துலயும் மொட்டைமாடி டேங்க்லயும் இருக்குற நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். எங்க சால், அதாவது வரிசை வீட்டுக் கட்டடம், அது மேல ஆறு டேங்க் இருக்கு, ரெண்டுக்கு மூடி இல்ல, பாதிப்பேரு வீட்டு வாசல்ல நீல டிரம் தொறந்தே கெடக்கு, இங்க தண்ணி வர்ற நேரம் அப்படி, புடிச்சு வைக்காம முடியாது. காய்ச்சல்காரன் வைத்தியம் பாக்காம நாள் கடத்துனா, அவனக் கடிச்ச கொசு பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சுப் பக்கத்து வீட்டுப் புள்ளையக் கடிச்சா போதும். ஆஸ்பத்திரியில இருந்து தகவல் போயி முனிசிபால்டி ஆளுங்க வந்தாங்க, ஏணி போட்டு டேங்க் எல்லாம் பாத்து, காய்ச்சல் இருந்தவங்க கிட்ட ரத்தம் எடுத்தாங்க. யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு வர்ற வரைக்கும் எங்கம்மா அக்கம்பக்கத்துல யாரு மூஞ்சியும் பாக்கல.

இதுக்கு ஆப்பிரிக்காவ மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2007ல நம்ம கேரளாவுல இருந்து இத்தாலிக்குச் சொந்தக்காரங்களப் பாக்கப் போன ஒருத்தர் உடம்புல சிக்குன்குனியா இருந்து, அங்க ஒரு சின்ன ஊர்ல ஆரம்பிச்சு 200 பேருக்குக் கிட்ட வந்துச்சு. இலங்கையப் பாருங்க, 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு சர்டிபிகேட் வாங்குனாங்க, அப்புறமும் வெளிநாடு போயிட்டு வந்தவங்களுக்குக் காய்ச்சல்னா மலேரியாவான்னு தேடிப் பாக்குறாங்க, ஒருத்தருக்கு இருந்தா வீட்டச் சுத்தி கொசுவும் பாக்குறாங்க. பக்கத்துல இருக்குற அவங்களால முடியுது.

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. தாராவி, சயான், செம்பூர்னு நம்ம ஆளுங்க போற கிளினிக்ல எல்லாம் தமிழ், ஹிந்தி, மராத்தியில ஒரு போர்டு வைக்கட்டும், "வெளிநாடு போயிட்டு வந்தீங்கன்னா முதல்ல சொல்லுங்க"ன்னு. முதல் ரத்தத்துல தெரியலைன்னா மறுபடி மறுபடி எடுத்துப் பாக்கணும், ஒரு தடவை நெகட்டிவ்னு விடக்கூடாது. முனிசிபால்டி டிஸ்பென்சரியில மலேரியா ரத்தப் பரிசோதனை ஃப்ரீதான். நீங்களும் பேப்பர்ல சின்னதா ஒரு பெட்டிச் செய்தியா இதப் போட்டீங்கன்னா, கல்ஃப் ஆளுங்கள விட இப்போ ஆப்பிரிக்கா போற பசங்க எங்க தெருவுலயே ஏழெட்டுப் பேரு இருக்காங்க, அவங்க வீட்டு ஆளுங்க படிப்பாங்க.

தம்பி அடுத்த மாசம் திரும்பப் போறான். அம்மாவுக்கு மனசே இல்ல, ஆனா கடன் இருக்கு. மருந்து தடவுன கொசுவலை வாங்கியாச்சு. திரும்பி வந்தப்புறம் போட வேண்டிய 28 மாத்திரைய தனியா எண்ணி, ஒரு கவர்ல போட்டு, மேல தேதி எழுத எடம் விட்டு வச்சிருக்கேன். அவனோட மஞ்சக் கார்டு பின்னாடி ஒரு துண்டுச்சீட்டு பின் பண்ணியிருக்கேன், "இவர் நைஜீரியாவிலிருந்து வந்தவர், காய்ச்சல் என்றால் உடனே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்"னு தமிழ்லயும் ஹிந்தியிலயும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை.