அம்மிணிக்கு, அப்பா எழுதுவது

அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். உன் போன் வந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. வேலை அதிகம் என்று தெரியும். நான் கூப்பிட்டால் உங்கம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். உன் ஆபீஸ் போனிலோ பேசுவதெல்லாம் பதிவாகும் என்று நீயே சொன்னாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் பேரேடு எழுதிய கை, இப்போது வரி கோணுகிறது, பொறுத்துக்கொள்.

மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது. செவலை கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்றுதான்.

தை நோம்பிக்கு வந்திருந்தபோது நீ கட்டுத்தரைப் பக்கம் போனோடு நின்றாயே, அப்போது நான் தட்டுப்போர் பிடுங்கத்தான் வந்தேன், ஒட்டுக் கேட்க வரவில்லை. "நான் சைன் பண்ண மாட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அப்புறம் வெகு நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர்த் தொட்டியின் பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். உள்ளே வந்து ஒரு ஒப்பிட்டைக்கூட முழுசாகத் தின்னவில்லை. உங்கம்மா இது மாப்பிள்ளை விஷயம் என்று எண்ணிக்கொண்டு சென்னிமலை முருகனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

என்ன ஏது என்று நான் கேட்கப் போவதில்லை. பேங்கில் ஒரு கணக்கின் மேல் சந்தேகப்பட்டு அரசாங்கத்துக்கு எழுதிவிட்டால் அதை அந்தக் கஸ்டமரிடம் மூச்சுவிடக் கூடாது, 2002ஆம் வருஷத்துச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் என்று நீதானே சொன்னாய். சொல்லக் கூடாதது என்றால் சொல்ல வேண்டாம். சாப்பிட்டேன் என்றாவது சொல்.

ஒன்று மட்டும். எதுவானாலும் எழுத்தில் வை. "பார்த்துக்கலாம், நான் இருக்கேன்" என்று எவன் வாயால் சொன்னாலும், அன்றைக்கு ராத்திரிக்குள் "நீங்கள் இன்னது சொன்னீர்கள், நான் இன்னது சொன்னேன்" என்று மெயில் போட்டுவிடு. தணிக்கைக்காரர் வரும்போது "நான் இருக்கேன்" என்றவன் லீவில் இருப்பான். சங்கத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

சி.எஸ்., அந்தக் கம்பெனி செகரட்டரி படிப்பு, முடித்ததும் கோயம்புத்தூரில் மில் ஆபீஸ் வேலை வீடு தேடி வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். கேட்டாயா? சென்னையில் போய் ரெண்டு வருஷம் கேஒய்சி பைல் பார்த்தாய், அடுத்தவன் முகவரியும் கையெழுத்தும் சரிபார்த்துக் கண்ணாடி போட்டதுதான் மிச்சம் என்று நான் திட்டினேன். சரி, அப்புறம் பங்குச் சந்தை வேலைக்கான அந்த நிஸம் பரீட்சைக்கு ராத்திரி ராத்திரியாகப் படித்து, மும்பை பாந்த்ராவில் அத்தனை பெரிய கட்டிடத்தில் உனக்கென்று ஒரு மேஜை வந்தது. கோடிக்கணக்கில் பேரம் கொண்டுவருகிறவன்கூட நீ சரி என்று சொல்லும்வரை வெளியே நிற்கிறான் என்று கேட்டபோது, ரெண்டு நாள் தூக்கமில்லை எனக்கு. சந்தோஷத்தில்தான்.

ஊரில்தான் யாருக்கும் புரியவைக்க முடிவதில்லை. பேங்க் என்றால் "லோன் கிடைக்குங்களா" என்கிறார்கள். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கப் போவது தெரிந்த ஆட்கள் ஒரு மாடியில், ஷேர் விற்கிற ஆட்கள் இன்னொரு மாடியில், நடுவில் இவள்தான் வேலி, நம்ம மாடே மேய வந்தாலும் தட்டி ஓட்டணும் என்று டீக்கடையில் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் அம்மிணி, வேலியை எந்த மாட்டுக்கும் பிடிக்காது. வருமானம் கொண்டுவருகிறவனுக்குப் போனஸ், வேண்டாம் என்கிறவளுக்கு என்ன? பிளாட் லோன் வேறு இருக்கிறது. அவசரப்பட்டு வேலையை விடாதே. விட்டாலும், விடுகிற முன்னே எழுத்தில் வை.

போன வருஷம் ஆபீஸில் கொடுக்க என் பான் நம்பரும், ஷேர் வைத்திருக்கிற டீமேட் கணக்கு விவரமும் கேட்டாய். நான் கத்தினேன். வீட்டு ஆட்களின் விவரத்தையும் வருஷா வருஷம் கொடுக்கணும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் 2015 விதி என்று பொறுமையாகத்தான் சொன்னாய். "தெரிஞ்சவன் தெரியாதவன் தலையில கட்டிட்டு வெளியே வர்றதுதாம்ப்பா தப்பு, அதுக்குத்தான் இதெல்லாம்" என்றாய். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

ஈமுக் கோழி ஞாபகம் இருக்கிறதா? நம் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் கம்பி வலைக்குள் ஆறு பறவை நின்றதே. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, மாதம் ஆறாயிரம், போனஸ் தனி. பெருந்துறைப் பக்கம் காடு கழனியெல்லாம் ஈமுதான் அப்போது. ஏஜென்ட் உன் சின்ன மாமன். ரெண்டு வருஷம் முடிகிற சமயம் ஒருநாள் சங்கத்தில் சலான் முதுகில் கணக்குப் போட்டேன். முட்டைக்கு என்ன வரும், கறிக்கு என்ன வரும்? இந்த ஊரில் எவன் ஈமுக் கறி தின்றான்? அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துபோனது, புதுசாகக் கட்டுகிறவன் பணம்தான் பழையவனுக்கு மாதச் சம்பளமாக வருகிறது என்று. சலானைக் கிழித்துப் போட்டேன். மேய்க்க ஆளில்லை என்று ஒரு சாக்குச் சொல்லிக் குஞ்சுகளை ஒப்படைத்து, முதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். 2012 பங்குனியில்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்கம்மாவின் பிறந்த வீட்டு உறவு முறியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் உன் அத்தை வந்தாள், மாமா இறந்ததற்கு வந்த இன்சூரன்ஸ் பணத்தோடு. "நீ போட்டிருந்தியே, ஒழுங்கா வந்துச்சல்லண்ணா?" என்று கேட்டாள். "வந்துது" என்றேன். பொய்யில்லை. அவ்வளவுதான் சொன்னேன். ஆகஸ்டில் எல்லாம் சாய்ந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட்டதை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். அத்தை புகார் கொடுக்க வரிசையில் நின்றாள், பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்த ரசீதை இன்றைக்கும் மஞ்சப்பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறாள்.

நீ கேட்ட பான் கார்டு ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன், குறுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறது. டீமேட்டில் இருக்கிற நாலு பழைய ஷேரையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வாங்கிய தேதியும் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வருகிறாள். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நீ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடாமல் களத்துப் பக்கம் வந்து எடுக்கிறேன்.

அப்பா