பொங்கல் விழா விளையாட்டுகள்: உங்கள் கருத்து தேவை

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பொங்கல் விழாவுக்கு எந்த விளையாட்டுகளை வாடகைக்கு எடுப்பது என்பதை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

கயிறு இழுத்தலும் உறியடியும் கட்டாயம் இருக்கும். ஆனால் கடந்த ஆண்டு ஓடியாடும் போட்டிகளை மட்டுமே வைத்ததால், மூட்டு வலி உள்ளவர்களும் கருவுற்றிருந்த தோழியரும் நாள் முழுவதும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நேர்ந்தது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே இம்முறை பல்லாங்குழி, தாயம், கேரம் ஆகியவற்றையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஒரு கேரம் பலகையில் ஒரே நேரத்தில் 4 பேர்தான் ஆட முடியும் என்பதால், குறைந்தது 3 பலகைகளாவது தேவைப்படும்.

கலைநிகழ்ச்சிக்குப் பறையாட்டக் குழுவை அழைக்க விரும்புகிறேன். கலைஞர்களின் ஊதியத்தோடு பயணச் செலவு, உணவு, உடை மாற்றத் தனி அறை ஆகியவற்றையும் நாமே ஏற்க வேண்டும். இதில் பேரம் பேசுவது முறையன்று. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துப்பூர்வ அனுமதி தேவை; அதற்கு நானே விண்ணப்பிக்கிறேன்.

உங்கள் விருப்பங்களையும், உடல்நலம் சார்ந்த தேவைகள் இருந்தால் அவற்றை எனக்குத் தனிச்செய்தியாகவும் தெரிவியுங்கள்.