மூத்தோர் வட்டம்: 2024-2025 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் சமூக மன்றத்தில் தடையின்றி நடந்தன. தீபாவளி ஒன்றுகூடலும் சிறப்பாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கண் கைவைத்தியம் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு நாம் அச்சிட்டுக் கொடுத்த குறிப்பில், கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாம் என்று இருந்தது. தொகுத்தவன் நான். அதைப் படித்த நம் உறுப்பினர் அக்கா ஒருவர், தன் அடுக்குமாடி புளோக்கின் கீழே பூத்ததைப் பறித்துப் பிழிந்து விட்டுக்கொண்டார். கருவிழியில் புண் வந்து, வாரக்கணக்கில் சொட்டு மருந்து போட்டார். பார்வைக்குக் குறையில்லை. ஆனாலும் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்; இங்கும் கேட்டுக்கொள்கிறேன். பூவோடு வரும் பாலும் கைக்கிருமியும் சேர்ந்து கண்ணுக்குள் போகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். தாய்ப்பால், தேன் விடுவதிலும் கிருமி போகும் ஆபத்து உண்டு.

அதன்பின் மற்றக் கைவைத்தியங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். தேக்காச் சந்தையில் வாங்கும் பொன்னாங்கண்ணியில், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் உண்டு. தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் கண்புரை என்பது விழிவில்லையின் புரதம் மங்கிப்போவது. கீரை அதைக் கரைக்காது. அதற்கு அறுவைச் சிகிச்சைதான். 2013இல் வெளிவந்த அமெரிக்காவின் பெரிய ஆய்வில், கீரைகளில் உள்ள லூட்டின் என்ற சத்தை மாத்திரையாகக் கொடுத்ததும் கண்புரை அறுவையின் தேவையைப் பொதுவாகக் குறைக்கவில்லை.

மூலிகையே வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊமத்தையிலும் உள்ள அட்ரோபின் என்ற மருந்துப் பொருளைத்தான் இங்கே சிங்கப்பூரில் 400 பிள்ளைகளுக்கு 0.5, 0.1, 0.01 விழுக்காட்டுச் சொட்டுகளாகக் கொடுத்துக் கிட்டப்பார்வை ஆய்வு செய்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகு, மிகக் குறைந்த அளவு எடுத்தவர்களுக்கே கிட்டப்பார்வை மற்றவர்களைவிட மெதுவாகக் கூடியது. ஊமத்தை இலையைக் கசக்கிக் கண்ணில் விட்டால் அந்த அளவு யாருக்குத் தெரியும்? கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும்.

என்னை அதிகம் உலுக்கியது நீரிழிவுதான். சிங்கப்பூர் இந்தியர்கள் சுமார் 3,400 பேரைப் பரிசோதித்த ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் பத்தில் மூவருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. தொடக்கத்தில் வலியோ மங்கலோ தெரியாது. ஆகவே வரும் ஆண்டில், விழித்திரைப் படம் எடுக்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போகும் உறுப்பினர்களுக்குத் துணையாக ஆள் அனுப்பச் செயற்குழு முடிவு செய்துள்ளது. பெயர் தர விரும்புவோர் என்னிடம் தரலாம்.

பழைய குறிப்பு வீட்டில் இருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம். திருத்திய பிரதியை அந்த அக்காவே படித்துச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார்.

பணிவுடன்,
செயலாளர்